வேலூர் கண்ட ஐடா அம்மையார்

வேலூர் என்றதும் நம்மில் பலருக்குக் கோட்டையும் 1806ஆம் ஆண்டில் அங்கு நடந்த சிப்பாய்க் கலகமும் நினைவுக்கு வரும். மருத்துவம் பயிலும் மாணவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது சி.எம்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் கிறித்துவ மருத்துவக் கல்லூரியாகத்தான் இருக்கும். இன்றும் தீராத நோய் என்றால் வேலூருக்குப் போய்ப் பார்த்து வரலாமே என்று சொல்லும் பெரியவர்கள் நம் நாட்டிலும் உண்டு. அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் ஒரு பெண் என்பதும், அவர் மருத்துவராக வேண்டும் என்று ஒருபோதும் ஆசைப்படாதவர் என்பதும் பலருக்குத் தெரியாத செய்தி.

நான் மருத்துவம் படித்தவள் அல்லள். தமிழும் வரலாறும் படித்தவள். ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்க்கையைத் தேடிப் படிக்க எனக்கு வேறொரு காரணம் இருந்தது. என் கொள்ளுப்பாட்டி வட ஆர்க்காடு மாவட்டத்திலிருந்து மலாயாவிற்கு வந்தவர். ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட தமிழ் மாவட்டங்களில் திருச்சி, தஞ்சை, சேலம் ஆகியவற்றோடு வட ஆர்க்காடும் ஒன்று என்பதை வரலாறு படித்தவர்கள் அறிவார்கள். ஐடா அம்மையார் மாட்டு வண்டியிலும் காரிலும் சுற்றி வந்த மண் அதுதான். அவர் கை பட்டுப் பிழைத்தவர்களும், அவர் வருவதற்குமுன் இறந்து போனவர்களும் நம்முடைய உறவுமுறைக்காரர்களாக இருக்கக் கூடும். இந்த எண்ணத்தோடு படித்தபோது அவருடைய கதை எனக்கு அந்நியமாகவே தோன்றவில்லை.

ஐடா சோபியா ஸ்கடர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பெயரும் நிறமும் அமெரிக்கருடையவை என்றாலும் பிறந்த மண் தமிழ் மண். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் 1819இல் பாஸ்டனிலிருந்து கப்பலேறியவர். அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குச் சென்ற முதல் மருத்துவச் சமய ஊழியர் அவரே என்பர். அவர் முதலில் பணியாற்றிய இடம் யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பு. 1836இல்தான் சென்னைக்கு மாறினார். அவருடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளுமாக நான்கு தலைமுறைகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட ஸ்கடர்கள் இந்தப் பணியில் ஈடுபட்டனர். நம் நாட்டில் யாழ்ப்பாண வழிவந்த குடும்பத்தார் பலர் இருப்பதால் இந்தத் தொடர்பைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

இத்தகைய குடும்பத்தில் பிறந்த பெண், தானும் அதே வழியில் போவேன் என்றுதானே சொல்லியிருக்க வேண்டும்? ஐடா அப்படிச் சொல்லவில்லை. அதற்குக் காரணம் உண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய பெரும் பஞ்சத்தின்போது அவர் சிறுமி. எலும்பும் தோலுமாகப் பிள்ளைகள் தம் வீட்டு வாசலில் நின்றதையும், தெருவோரம் பிணங்கள் கிடந்ததையும் அந்த வயதிலேயே கண்டார். பிறகு குடும்பம் அமெரிக்கா திரும்பியது. சில ஆண்டுகளில் தந்தை மீண்டும் இந்தியாவுக்குப் புறப்பட்டார். அடுத்துத் தாயும் சென்றார். பதின்ம வயதை எட்டிக்கொண்டிருந்த ஐடா மட்டும் சிகாகோவில் உறவினர் வீட்டில் விடப்பட்டார். தாய் புறப்பட்ட இரவில் அவருடைய தலையணையில் முகம் புதைத்து அழுதாராம். தொண்டு செய்பவர்களின் பிள்ளைகள் கொடுக்கும் விலையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. இந்தியா என்றால் தன் பெற்றோரைத் தன்னிடமிருந்து பறித்துக்கொண்ட நாடு என்றே அந்தப் பெண்ணின் மனத்தில் பதிந்திருக்க வேண்டும்.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்த்ஃபீல்ட் பள்ளியில் படித்தார். தோழியர் வட்டம், விளையாட்டு, கேலி, கிண்டல் என்று கலகலப்பாக இருந்தார். வசதியான ஒருவரை மணந்து அமெரிக்காவிலேயே வாழ்வது என்பதே அவருடைய திட்டம். 1890இல் தாய் நோயுற்றதாகச் செய்தி வரவே, சிறிது காலம் துணையாக இருந்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற முடிவோடு திண்டிவனத்துக்கு வந்தார்.

அங்குதான் அந்த இரவு வந்தது. ஸ்கடர் அம்மையாரைப் பற்றி எழுதுவோர் எல்லாரும் எழுதும் நிகழ்ச்சி இது. நானும் அதைத் தவிர்க்க முடியாது.

ஓர் இரவு ஐடா தனியே விளக்கருகில் அமர்ந்திருந்தார். கதவருகே ஒரு பிராமண இளைஞர் வந்து நின்றார். மிக இளவயதினளான தம் மனைவி பிரசவ வேதனையில் துடிப்பதாகவும், மருத்துவச்சியால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும், உடனே வந்து காப்பாற்ற வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். மருத்துவர் என் தந்தைதான், அவரை அழைத்து வருகிறேன் என்று ஐடா பதில் கூறினார். அந்த இளைஞர் மறுத்துவிட்டார். வேற்று ஆடவர் தம் மனைவியைத் தொடுவதைவிட அவள் சாவதே மேல் என்பது அவர் வளர்ந்த முறை. அவர் போன சிறிது நேரத்தில் ஒரு முஸ்லிம் வந்தார். அதே வேண்டுகோள், தந்தையை அழைக்கிறேன் என்றதும் அதே மறுப்பு. மூன்றாவதாக இன்னோர் இந்து ஆடவர் வந்தார். அவரும் வெறுங்கையோடு திரும்பினார். ஒரே இரவில் மூன்று வீடுகள், மூன்று பெண்கள். அடுத்த அறையில் தேர்ந்த மருத்துவர் ஒருவர் இருக்கிறார். அவர் ஆண் என்பது ஒன்றே தடை. வந்து நிற்கும் பெண்ணுக்கோ மருத்துவம் தெரியாது.

விடியற்காலையில் பறையொலி கேட்டது. ஐடா பணியாளரை அனுப்பி விசாரித்தார். மூன்று பெண்களும் இறந்து போயிருந்தனர். அறைக்குள் சென்று நெடுநேரம் அழுது, இறைவனிடம் மன்றாடியபின் பெற்றோரிடம் வந்து, தாம் அமெரிக்காவுக்குச் சென்று மருத்துவம் படித்துத் திரும்பி வரப் போவதாகச் சொன்னார். அதை அவர் கடவுளின் அழைப்பாகவே கருதினார்.

அந்தப் பெண்கள் எதனால் இறந்திருப்பார்கள்? மருத்துவம் படித்த தோழி ஒருத்தியிடம் கேட்டேன். உடல் முழுமையாக வளராத வயதில் பிரசவம் என்றால் குழந்தை வெளிவர வழியின்றி அடைபட்டுப் போவது ஒரு காரணம். கழுவாத கைகளாலும் துருப்பிடித்த கருவிகளாலும் ஏற்படும் கிருமித் தொற்று இன்னொன்று. இரத்தப்போக்கு மற்றொன்று. அக்காலத்திலேயே ஆயுதம் கொண்டு குழந்தையை எடுக்கும் முறையும், கிருமி நீக்கிகளால் கையைத் தூய்மை செய்யும் முறையும் மருத்துவ உலகில் இருந்தன. வழி இருந்தும் அது அந்தப் பெண்களின் வீட்டு வாசலைத் தாண்டவில்லை. இதைக் கேட்டபோது எனக்கு நம் தோட்டங்களின் பழைய கதைகள்தாம் நினைவுக்கு வந்தன. லயத்து வீட்டில் கிழவி ஒருத்தி பிள்ளைப்பேறு பார்ப்பாள். விபரீதமாகிவிட்டால்தான் டிரசருக்கு ஆள் போகும். டிரசரும் ஆண்தான்.

ஐடா 1895இல் பென்சில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். 1886இல் அங்கே பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பி, மறு ஆண்டே காசநோயால் இறந்த ஆனந்திபாய் ஜோஷியைப் பற்றிப் பெண்ணியப் பாடத்தில் படித்திருப்பீர்கள். அவர் படித்த அதே கல்லூரி. பிறகு நியூயார்க்கில் கார்னெல் பல்கலைக்கழகம் தொடங்கிய மருத்துவக் கல்லூரி பெண்களையும் சேர்த்துக்கொள்ளவே, ஐடா அங்கு மாறி 1899இல் பட்டம் பெற்றார்.

பட்டம் வாங்கியவுடன் இன்னொரு வேலை. வேலூரில் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை கட்ட 8,000 டாலர் திரட்ட வேண்டும் என்று சமயச் சபை கூறியிருந்தது. கப்பல் புறப்பட சில நாள்களே இருந்தன. கையில் வந்ததோ மிகச் சொற்பம். நியூயார்க்கில் ஓர் அம்மையாரின் வீட்டில் நன்கொடை கேட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, பக்கத்து அறையில் இருந்த அவருடைய உறவினரான ராபர்ட் ஷெல் என்ற வங்கியாளரின் காதில் அது விழுந்தது. மறுநாள் அவர் ஐடாவை வரவழைத்துத் துருவித் துருவிக் கேள்விகள் கேட்டார். பின்னர் மறைந்த தம் மனைவி மேரி டேபர் ஷெல் நினைவாக 10,000 டாலருக்குக் காசோலை எழுதித் தந்தார். தோழி ஆனி ஹான்காக்கும் உடன் வர, 1900ஆம் ஆண்டு தொடங்கும் வேளையில் ஐடா இந்தியா திரும்பினார்.

தந்தையின் அருகில் இருந்து சில ஆண்டுகள் தொழில் கற்கலாம் என்று நினைத்திருந்தார். அந்த ஆண்டு மே மாதமே தந்தை புற்றுநோயால் இறந்துவிட்டார். இருபத்தொன்பது வயதில், அனுபவம் இல்லாத ஒரு பெண் மருத்துவர் தனியே நின்றார். ஊராருக்கு அவர்மேல் நம்பிக்கையும் இல்லை. ஆண் மருத்துவர் கூடாது என்று சொன்ன அதே ஊர், பெண் மருத்துவர் என்றதும் இவளுக்கு என்ன தெரியும் என்று தயங்கியது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றுதான் நினைக்கிறேன். நம்பிக்கை என்பது மருந்துச் சீட்டில் எழுதித் தருவதன்று. பங்களாவின் ஒரு சிறிய அறையில் அவர் மருத்துவம் பார்க்கத் தொடங்கினார். சமையற்காரரின் மனைவி சலோமிதான் அவருக்கு முதல் தாதி. கட்டுப் போடவும் மருந்து கலக்கவும் ஐடாவே கற்றுக்கொடுத்தார். ஒருவர் இருவராக வந்து, இரண்டே ஆண்டுகளில் அந்தச் சிறிய அறை ஐயாயிரம் பேரைக் கண்டது. 1902இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஐடா அம்மையாரின் பெருமையைப் பேசுவோர், அவர்தாம் தமிழகத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்வியைக் கொண்டு வந்தார் என்று எழுதிவிடுவதுண்டு. அது சரியன்று. சென்னை மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் அங்கே படித்து 1912இல் பட்டம் பெற்றார். பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி என்று பார்த்தாலும், பஞ்சாபின் லூதியானாவில் எடித் பிரவுன் 1894லேயே தொடங்கிவிட்டார். ஐடா செய்தது வேறு. மருத்துவமனைக்கு வர முடியாதவர்களிடம் மருத்துவமனையைக் கொண்டு சென்றார். தாம் ஒருவர் போதாது என்று கண்டதும், தம்மைப் போல் நூறு பேரை உருவாக்க முனைந்தார். இந்த இரண்டும்தாம் அவருடைய உண்மையான சாதனை என்பது என் கருத்து.

முதலாவதை எடுத்துக்கொள்வோம். வேலூரிலிருந்து குடியாத்தம் முப்பது கிலோமீட்டருக்கும் சற்று அதிகத் தொலைவு. வாரத்தில் ஒரு குறிப்பிட்ட நாள் அங்கே மருத்துவம் பார்ப்பது என்று தொடங்கினார். முதலில் வண்டியிலும் இரயிலிலும் சென்றவருக்கு 1909 வாக்கில் ஒரு கார் கிடைத்தது. பிரான்சில் செய்யப்பட்ட ஒற்றை உருளை பெஜோ வண்டி அது. மாடும் குதிரையும் இல்லாமல் புகை விட்டுக்கொண்டு ஓடிவரும் அந்த வண்டியைக் கண்டு கிராமத்து மக்கள் பேய் வருகிறதென்று ஓடி ஒளிந்தார்களாம். சில வாரங்களில் அதே மக்கள் அந்த வண்டியின் வருகைக்காகச் சாலையோரத்தில் காத்திருக்கத் தொடங்கினர்.

இந்தச் சாலையோர மருத்துவம் எப்படி நடந்தது என்பது மருத்துவ மாணவர்கள் கூர்ந்து பார்க்க வேண்டிய ஒன்று. போகும் வழியில் நிறுத்துமிடங்கள் இவை இவை என்று முன்கூட்டியே வகுக்கப்பட்டிருக்கும். பெரும்பாலும் நிழல் தரும் பெரிய மரத்தடி. வண்டி நின்றதும் மருந்துப் பெட்டிகள் இறங்கும். புண்ணைக் கழுவிக் கட்டுவது, கட்டியைக் கீறி விடுவது, பல் பிடுங்குவது, கண்ணோய்க்குச் சொட்டு மருந்து, காய்ச்சலுக்கு மாத்திரை என்று வேலை விரைவாக நடக்கும். அறுவை தேவைப்படுவோர் திரும்பும் வழியில் வண்டியிலேயே வேலூருக்கு வருவர். அடுத்த வாரம் அதே நாள், அதே மரத்தடி. ஒரே ஒருமுறை வந்து இலவச மருத்துவ முகாம் நடத்திப் படம் எடுத்துக்கொண்டு போவதற்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அந்த அடுத்த வாரத்தில்தான் இருக்கிறது. தொழுநோயாளிகளும் அங்கே வந்தனர். ஊர் ஒதுக்கி வைத்த அவர்களுக்கு வேறெங்கும் இடமில்லை. தீண்டத்தகாதோர் என்று தள்ளி வைக்கப்பட்டவர்களும் அதே மரத்தடிக்குத்தான் வந்தனர்.

இனி இரண்டாவது. 1909இல் தாதியர் பயிற்சிப் பள்ளி தொடங்கியது. பெண்கள் வேற்றாரின் உடலைத் தொட்டுப் பணிவிடை செய்வதை இழிவாக எண்ணிய காலம் அது. அதைப் படித்த பெண்களின் மதிப்புக்குரிய தொழிலாக மாற்றுவது எளிய வேலையன்று. பிற்காலத்தில் 1946இல் அது பட்டப்படிப்பு வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது.

அடுத்துப் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வேண்டும் என்று அரசாங்கத்தை அணுகினார். அப்போதைய மருத்துவத் துறைத் தலைவர் கர்னல் பிரைசன், மூன்று விண்ணப்பங்கள் வந்தாலே பெரிது என்று சிரித்தபடி அனுமதி தந்தார். வந்தவை 151. 1918 ஆகஸ்டு 12ஆம் நாள் மாகாண ஆளுநர் பெண்ட்லண்டு பிரபு பள்ளியைத் திறந்து வைத்தார். சேர்க்கப்பட்ட மாணவியர் 18 பேர். கட்டடம் இல்லை, வாடகை வீடுகளில் வகுப்பு. ஆசிரியர் என்று பெரும்பாலும் ஐடாதான். மாகாணத் தேர்வு வந்தது. ஆண்களே ஐந்து பேரில் ஒருவர் என்ற அளவில்தான் தேறுகின்றனர், ஆகவே பெண்கள் தோற்றால் மனம் தளர வேண்டாம் என்று அதே பிரைசன் முன்கூட்டியே ஆறுதலும் கூறினார். வேலூரிலிருந்து எழுதிய 14 பெண்களும் தேறினர்! 1922இல் அந்த முதல் அணி எல்.எம்.பி. பட்டயத்தோடு வெளியே வந்தது.

இந்தப் பகுதியைப் படிக்கும்போது எனக்கு ஒரு குறையும் தோன்றியது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க மருத்துவர் 1847இலிருந்தே பணியாற்றியவர். அவர் மேலை மருத்துவ நூல்களைத் தமிழில் பெயர்த்து, தமிழிலேயே மருத்துவம் கற்பித்து மருத்துவர்களை உருவாக்கினார். ஸ்கடர் குடும்பமும் அதே யாழ்ப்பாணத்தில் தொடங்கிய குடும்பம்தான். ஆனால் வேலூரில் கல்வி ஆங்கிலத்தில் நடந்தது. அரசுத் தேர்வு ஆங்கிலத்தில் இருக்கும்போது ஐடாவுக்கு வேறு வழியில்லை என்பது உண்மையே. நோயாளிகளோடு அவர் தமிழில்தான் பேசினார். ஆயினும் கிறீன் போட்ட பாதை அப்படியே விடப்பட்டது தமிழ் மொழிக் கழகத்தைச் சேர்ந்த நமக்கு வருத்தம் தரத்தானே செய்யும்?

மதமாற்றக் கேள்விக்கும் வருவோம். நம் மாணவர்களிடையே இத்தகைய பெரியவர்களைப் பற்றிப் பேசினால் முதலில் எழும் கேள்வி அதுதான். நான் ஓர் இந்து. ஆகவே இதைச் சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். ஐடா ஸ்கடர் சமய ஊழியர். கிறித்துவை அறிவிப்பது தம் கடமை என்று நம்பியவர். அதை மறைத்தவரும் அல்லர். சாலையோர மருத்துவத்தின்போது வேதாகமக் கதைகள் சொல்லப்பட்டன. மருத்துவமனையில் நாள்தோறும் வழிபாடு நடந்தது. இவற்றை மறைத்து, அவர் வெறும் மனிதநேயத் தொண்டர் என்று எழுதினால் அது அவருக்கே செய்யும் அநீதி. ஆனால் மதம் மாறினால்தான் மருந்து என்ற நிபந்தனை அங்கு இருந்ததில்லை. வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்களும் முஸ்லிம்களும். குணமாகி வீடு திரும்பியபோதும் அவர்கள் இந்துக்களாகவும் முஸ்லிம்களாகவுமே திரும்பினர். அந்த மூன்று ஆடவர்களில் ஒருவரும் கிறித்துவர் அல்லர் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அந்த வாசலுக்கு அவர்களை அழைத்து வந்தது பயம். திருப்பி அனுப்பியது மரபு. அந்தப் பெண்களுக்காக நம் சமயத்தைச் சேர்ந்த நாம் அன்று என்ன ஏற்பாடு செய்து வைத்திருந்தோம் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே எழ வேண்டும்.

1920களில் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கட்டடங்கள் எழுப்பப் பெரும் பணம் தேவைப்பட்டது. ஆசியாவின் பெண்கள் கல்லூரிகள் சிலவற்றிற்காக அமெரிக்கப் பெண்கள் இருபது இலட்சம் டாலர் திரட்டினால், ராக்ஃபெல்லர் குடும்ப நிதியிலிருந்து பத்து இலட்சம் கிடைக்கும் என்ற ஏற்பாடு உருவாயிற்று. இந்த இயக்கத்தின் உயிர்நாடி லூசி பீபடி என்ற அம்மையார். தேவாலயப் பெண்கள் சங்கங்கள் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் அது. பெண்கள், பெண்களுக்காகக் கட்டிய கல்லூரி என்ற பெருமிதம் அவர்களுக்கு இருந்தது. இந்தப் பெருமிதமே பின்னர் ஒரு பெரும் சோதனையாக வந்து நின்றது.

1938இல் சென்னை மாகாணத்தின் புதிய காங்கிரஸ் அரசு, பட்டயப் படிப்பு இனி இல்லை, மருத்துவம் படிப்போர் பல்கலைக்கழகப் பட்டமே பெற வேண்டும் என்று முடிவு செய்தது. கொள்கை அளவில் அது நல்ல முடிவுதான். கிராமத்தானுக்கு அரைகுறை மருத்துவர், நகரத்தானுக்கு முழு மருத்துவர் என்ற நிலை ஒழிய வேண்டுமல்லவா? ஆனால் வேலூருக்கு அது பேரிடி. பட்டக் கல்லூரி என்றால் உயர் பட்டம் பெற்ற பேராசிரியர்கள் வேண்டும், ஆய்வுக்கூடங்கள் வேண்டும், நூற்றுக்கணக்கில் கூடுதல் படுக்கைகள் வேண்டும். புதிய மாணவியரைச் சேர்ப்பது நின்று போயிற்று. அறுபத்தேழு வயதில், இருபது ஆண்டு உழைப்பு கண்முன்னே கரைவதை ஐடா பார்த்துக்கொண்டிருந்தார்.

தப்பிக்க ஒரு வழி இருந்தது. பல்வேறு திருச்சபைகள் சேர்ந்து ஆண்களுக்கான மருத்துவக் கல்லூரி ஒன்றைத் தொடங்கும் எண்ணத்தில் இருந்தன. வேலூர் ஆண்களையும் சேர்த்துக்கொண்டால் அவை அனைத்தின் ஆதரவும் ஒரே இடத்தில் குவியும். ஆனால் பெண்களுக்கென்று கொடுத்த பணத்தில் ஆண்களுக்கு இடமா என்று லூசி பீபடி கொதித்தார். அமெரிக்கப் பெண்கள் குழு பிளவுபட்டது. ஐடாவும் முதலில் தயங்கவே செய்தார். இறுதியில், கல்லூரி மூடப்படுவதைவிட ஆண்களும் பெண்களும் சேர்ந்து படிப்பதே மேல் என்ற முடிவுக்கு வந்தார். அதற்காகத் தம் நெருங்கிய நண்பரின் நட்பை இழந்தார். யார் பக்கம் நியாயம்? எனக்கு இரண்டு பக்கமும் இருப்பதாகவே படுகிறது. பெண்களுக்கென்று ஓரிடம் உருவாக்குவது எவ்வளவு அரிது என்பது பீபடிக்குத் தெரியும். அந்த இடத்தின் கதவே மூடிவிட்டால் யாருக்கு என்ன பயன் என்பது ஐடாவுக்குத் தெரியும்.

1941இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், எழுபது வயதில் அவர் அமெரிக்கா சென்றார். நகரம் நகரமாகச் சுற்றிப் பேசினார், கெஞ்சினார், மீண்டும் பேசினார். போர் முடியும் காலம்வரை இது தொடர்ந்தது. 1916 முதல் தம் சொந்தச் செலவில் வேலூரில் தங்கி அவருக்குத் தோள் கொடுத்த கெர்ட்ரூட் டாட் அம்மையாரை 1944இல் மரணம் பறித்துக்கொண்டது. இந்தியாவில் தொழுநோய் நிபுணரான ராபர்ட் காக்ரேன் கல்லூரியைத் தரம் உயர்த்தும் பணியைக் கவனித்தார். 1942இல் பட்டப்படிப்பு தொடங்க வழி பிறந்தது. 1947இல் முதல் ஆண் மாணவர்கள் வந்து சேர்ந்தனர்.

1946இல் ஐடா ஓய்வு பெற்றார். அடுத்து வந்த ஆண்டுகளில் ஹில்டா லாசரஸ் அம்மையார் அந்நிறுவனத்தின் முதல் இந்தியத் தலைவரானார். கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட் 1946இல் வேலூருக்கு வந்து, தொழுநோயால் மடங்கிப் போன கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் மீண்டும் இயங்கச் செய்தார். தொழுநோயாளியின் கை தானாக அழுகி விழுவதில்லை, உணர்ச்சி அற்றுப் போனதால் காயம் படுவது தெரியாமல் சிதைகிறது என்பதை உலகுக்கு உணர்த்தியவரும் அவரே. சுங்கை பூலோவின் தொழுநோயாளர் குடியிருப்பைப் பற்றி அறிந்த நமக்கு இதன் பெருமதி புரியும். அதே கல்லூரியின் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தபின், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். இவர்கள் ஒவ்வொருவரைப் பற்றியும் தனிக்கட்டுரை எழுதலாம்.

இத்தனைக்கும் நடுவே ஐடா அம்மையார் சிடுமூஞ்சித் துறவியாக வாழ்ந்தவர் அல்லர். நன்றாக உடுத்துவார், தோட்டம் போடுவதில் விருப்பம் மிகுந்தவர். டென்னிஸ் என்றால் உயிர். அறுபத்தைந்து வயதில் ஒரு போட்டியில் பதின்ம வயதுப் பெண்ணோடு மோத நேர்ந்ததாம். பாட்டியோடு ஆட வேண்டுமா என்று சலித்துக்கொண்ட அந்தப் பெண், ஓர் ஆட்டம்கூட வெல்ல முடியாமல் திரும்பினாள் என்று சொல்வார்கள். அவருடைய பெயரையும் இந்தியா என்ற நாட்டையும் தவிர முகவரி எதுவும் எழுதாத கடிதம் ஒன்று அவரிடம் சரியாக வந்து சேர்ந்த கதையும் வேலூரில் வழங்குகிறது.

முதுமையைக் கொடைக்கானலில் கழித்த அவர், 1960ஆம் ஆண்டு மே மாதம் அங்கேயே காலமானார். அப்போது அவருக்கு வயது 89. உடல் வேலூருக்குக் கொண்டு வரப்பட்டு அங்கே அடக்கம் செய்யப்பட்டது.

நாற்பது படுக்கைகளோடு தொடங்கிய ஷெல் மருத்துவமனை இன்று கண் மருத்துவமனையாக இயங்குகிறது. ஊர்களைத் தேடிச் செல்லும் மருத்துவமும் சமுதாய நலத்துறையின் பணியாகத் தொடர்கிறது. 2022இல் கல்லூரி இன்னொரு பெரிய வளாகத்தைத் திறந்தது. சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் அடிபடுவோருக்கு உடனடிச் சிகிச்சை தருவது அதன் முக்கிய நோக்கங்களுள் ஒன்று. அந்த வளாகம் அமைந்திருப்பது ஐடா பிறந்த இராணிப்பேட்டை மாவட்டத்தில்.